நுரையில் 120 பாகை வரவில்லையா?

சோப்பு நுரையில் குமிழிச் சுவர்கள் 120 பாகையில் சந்திக்க வேண்டும், ஆனால் அளந்தால் அப்படி வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். நுரையில் கோளாறு இல்லை, அளந்த விதத்தில்தான். இரண்டு கண்ணாடிக்கு நடுவே நுரையை வைத்து எடுத்த படத்தில் மூலைகளை நேர்கோட்டால் இணைத்து அளந்ததாகச் சொல்கிறீர்கள். அதனால்தான் 105, 140 என்று வருகிறது. அந்தச் சுவர்கள் வட்டவில்கள். 120 பாகை என்பது மூன்று சுவர்கள் கூடும் இடத்தில் தொடுகோடுகளுக்கு இடையே உள்ள கோணம். நேர்கோட்டு ஐங்கோணத்துக்குச் சராசரி உள்கோணம் 108தானே? மீதி 12 பாகையைச் சுவர் வெளியே புடைத்துத் தருகிறது. ஏழு பக்க அறையில், அதாவது ஏழு சுவருள்ள குமிழியில், சுவர் உள்ளே குழியும்.

ஓர் ஐந்து பக்க அறையைப் பெரிதாக அச்சிட்டு, மூலையை ஒட்டித் தொடுகோடு போட்டுப் பாருங்கள். இன்னும் பிசகினால் நுரையில் ஈரம் அதிகம். மூலைகள் குட்டி முக்கோணமாகத் தெரியும். வில்களை அதற்குள் நீட்டி, அவை சந்திக்கும் புள்ளியில் அளக்கவும். கண்ணாடியைச் சற்று நேரம் செங்குத்தாக நிறுத்தினாலும் தண்ணீர் வடியும்.

ஒன்று, குமிழிகள் ஒரே அடுக்காக இருந்தால்தான் இதெல்லாம். பல அடுக்கு என்றால் சுவர்கள் சந்திக்கும் விளிம்புகள் நான்கு நான்காகச் சுமார் 109.5 பாகையில் கூடும். படத்தில் எந்தக் கோணமும் தெரியலாம்.

அப்புறம், காட்பாடிப் பக்கம் உங்கள் போர்வெல் தண்ணீர் கடினமாக இருந்தால் குளியல் சோப்பு திரிந்துவிடும். பாத்திரம் கழுவும் திரவம் போதும். வேலூர் வெயிலில் மதியம் செய்யாதீர்கள், படலம் நிற்காது.