பல மரம் கலந்து நட்டால் தரைக்கு மழை கூடுமா?

கேள்வி: தாத்தா விட்டுப்போன நிலம், தென்னாப்பிரிக்காவில் மேரிட்ஸ்பர்க் பக்கம். வாட்டில் (ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேல மர வகை) மண்டி ஓடை வற்றிவிட்டது. எட்டு வகை மரம் கலந்து நட்டால் மழை அப்படியே தரைக்கு இறங்கும், ஓடை ஊறும் என்கிறார் கன்று விற்கும் ஏஜென்ட். நம்பலாமா?

பதில்: வேண்டாம். உயரமும் குட்டையுமாய் மரங்கள் கலந்தால், ஒன்று விட்ட இடைவெளியை இன்னொன்று அடைத்துக்கொள்ளும். இலை கூடும், இலையிலேயே நின்று ஆவியாகிப்போகும் தண்ணீரும் கூடும். தரைக்கு வருவது பல சமயம் குறையத்தான் செய்யும்.

எத்தனை வகை என்பதைவிட எந்த மரம் என்பதுதான் முக்கியம். உங்கள் பக்கத்து மிட்லண்ட்ஸ் வட்டாரத் தோப்புகளில் அளந்தபோது, பெய்த மழையில் கம் மரம் (யூகலிப்டஸ்) சுமார் 15 சதவீதத்தையும் பைன் 21 சதவீதத்தையும் வாட்டில் 28 சதவீதத்தையும் இலைகளிலும் கிளைகளிலும் நிறுத்திக்கொண்டன. தூறல் விட்டதும் வாட்டில் அடியில் போய்ப் பாருங்கள்: பொடி இலையெல்லாம் துளி தொங்கும், கீழே சருகு காய்ந்து கிடக்கும். வழவழப்பான பட்டை, மேல்நோக்கிய கிளை உள்ள மரமோ தண்டு வழியே தண்ணீரை வேரடிக்கே இறக்கிவிடும். அடைமழையில் இந்த வித்தியாசமெல்லாம் சுருங்கிப்போகும்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதைத்தான் ஏஜென்டுகள் விற்கிறார்கள். மூடுபனி. 1900களின் தொடக்கத்தில் ருடால்ஃப் மார்லோத் என்ற தாவரவியலாளர் கேப் டவுனின் டேபிள் மலை மேல் மழைமானியில் நாணலைக் கட்டிவைத்து, மழை இல்லாத நேரத்திலும் மூடுபனியிலிருந்து தண்ணீர் சேர்வதைக் காட்டினார். மலை முகட்டில், காற்று பனியைத் தள்ளிவரும் இடத்தில், மரம் தண்ணீரைக் கூட்டித் தரும். காற்று படாத பள்ளத்தில் நட்டால் அந்தக் கணக்கு செல்லாது. உங்கள் நிலம் முகடா, பள்ளமா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

அப்புறம் ஓடை. தரைக்கு வந்த மழையையும் வேர் குடிக்கும். வாட்டில் ஆண்டு முழுக்கப் பச்சையாக நின்று குடிக்கும். தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டு தண்ணீர்ச் சட்டம் வணிகத் தோப்புகளை ஓடைநீரைக் குறைப்பவை என்றே வகைப்படுத்தியிருக்கிறது. ஆனால் நட்ட கன்றை எண்ணுவதில் இருக்கும் சுறுசுறுப்பு, கரையோர வாட்டிலை அகற்றுவதில் பல அலுவலகங்களில் காணோம். உங்கள் முதல் வேலை அதுதான். வெட்டினால் போதாது. மண்ணில் கிடக்கும் விதை பல ஆண்டுகளுக்கு முளைக்கும், கன்றிலேயே பிடுங்கவேண்டும். பக்கத்தில் இயற்கைக் காடு இருந்தால் உரிமம் இல்லாமல் அங்கே கத்தி வைக்காதீர்கள்.

ஏஜென்ட் மறுபடி வந்தால் எந்தெந்த மரம், ஓடையிலிருந்து எவ்வளவு தூரத்தில் என்று எழுதிக் கேளுங்கள். எழுதித் தராதவருக்கு முன்பணம் கிடையாது.