பதில்: ஐப்பசியில் கலங்கல் (ஏரி நிரம்பினா உபரித் தண்ணி வெளியேறும் இடம்) வழியுது, மாசிக்கு முன்னாடியே ஏரி வறண்டுடுது – ஆழமா தோண்டலாமா?

வணக்கம் சார். ஆழமா தோண்டினா மட்டும் நெல்லுக்குக் கடைசியில் பாய்ச்ச வேண்டிய ரெண்டு தண்ணி கிடைச்சிடாது. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே நிற்கிற தண்ணி வயலுக்குப் பாயாது; மாட்டுக்கும் மீனுக்கும் கிணற்று ஊற்றுக்கும்தான் உதவும். வண்டலுக்கு அடியில் இருக்கிற களிமண் அடுக்கை ஜேசிபி உடைச்சிட்டா நிலைமை இன்னும் மோசம், ஏரி சல்லடை ஆயிடும். கரையடியை ஒட்டியும் தோண்ட விடாதீங்க, கரை சரியும். வண்டல் எடுக்க வட்டாட்சியர் அனுமதி தனியா வேணும்.

முதல்ல கசிவைப் பாருங்க. மதகை மூடிட்டு, தண்ணியில் ஒரு கம்பு நட்டு, காலையில் நீர்மட்டத்தில் கோடு போடுங்க; மறுநாள் காலையில் எவ்வளவு இறங்கியிருக்குன்னு அளந்து பாருங்க. மழை இல்லாத நாளா இருக்கணும். தை மாசத்தில் வெயில் குடிக்கிறது நாளுக்கு ஏறக்குறைய அரை சென்டிமீட்டர். ஒன்றரை, ரெண்டு சென்டிமீட்டர் இறங்கினா மதகு ஷட்டரோ கரையோ ஒழுகுதான்னு பார்க்கணும். கரைக்கு வெளிப்பக்கம் நடந்து பாருங்க, காய வேண்டிய இடத்தில் கோரை பச்சையா நிற்கும்.

அடுத்தது நெல் ரகம். 155 நாள் சி.ஆர். 1009-ஐ விட்டுட்டு, 105–110 நாளில் வர்ற கோ 51 போடுங்க. வயலில் 30 செ.மீ. நீளக் குழாய், கீழ்ப்பாதியில் துளை போட்டு, பாதி புதைச்சு, உள்ளே இருக்கிற மண்ணை அள்ளிடுங்க. குழாயில் தண்ணி மண்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே போனதும் பாய்ச்சினா போதும். பூக்கிற சமயத்தில் மட்டும் இந்தக் கணக்கு வேண்டாம், வயலில் 5 செ.மீ. தண்ணி தேங்கி நிற்கட்டும்; அப்போ காய விட்டா பதர்தான் மிஞ்சும்.

கலங்கலை உயர்த்தலாம்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. இப்போ பெய்யிற மழைக்குக் கரையே போயிடும்.