யூ இல்லாத க்யூ

கேள்வி: ஆங்கில எழுத்துக் காய்களைப் பலகையில் அடுக்கிச் சொல் கட்டும் ஸ்கிராபிள் ஆடும்போது கடைசியில் க்யூ மட்டும் கையில் தங்கிவிடுகிறது. யூ வருவதே இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: யூவுக்காகக் காத்திருப்பதை முதலில் விடுங்கள். 100 காயில் யூ நாலே நாலுதான், அதையும் எதிராளி எப்போதோ போட்டிருப்பார். க்யூ, ஐ இரண்டையும் சேர்த்தாலே ஒரு சொல். 'சீ' என்று உச்சரிக்க வேண்டும், சீன மருத்துவத்தில் உடம்பில் ஓடுவதாகச் சொல்லும் உயிர்ச்சக்தி அது. சின்னச் சொல்தானே என்று நினைக்காதீர்கள். க்யூவுக்கு 10 புள்ளி. எழுத்தின் புள்ளியை மூன்று மடங்காக்கும் கட்டத்தில் அதை வைத்து, குறுக்கே ஒரு ஐ, நெடுக்கே ஒரு ஐ அமைந்துவிட்டால், க்யூவின் 30-ம் ஐயின் 1-ம் இரண்டு பக்கமும் எண்ணப்பட்டு 31-ம் 31-ம் சேர்ந்து 62! கையிலேயே வைத்திருந்தால் உங்களுக்கு 10 போய், முதலில் காயை முடித்தவருக்கு அதே 10 சேரும். இன்னும் வேண்டுமா? ஏமனில் மெல்லும் போதை இலை காட், ஈரானின் நிலத்தடி நீர்க்கால்வாய் கனாட், அப்புறம் நமக்கே தெரிந்த ஃபகீர், தலாக். இவை எல்லாவற்றிலும் க்யூ உண்டு, யூ இல்லை.

கேள்வி: உயிரெழுத்தே இல்லாமல் சொல் உண்டா?

பதில்: உண்டு. சி, டபிள்யூ, எம் சேர்ந்து 'கூம்'. பனியாறு மலையைக் குடைந்து விட்டுப்போன கிண்ணம் மாதிரியான பள்ளத்தாக்கு. எவரெஸ்ட் ஏறுபவர்கள் கடக்கும் 'வெஸ்டர்ன் கூம்' இதுதான். வேல்ஸ் மொழிச் சொல், அங்கே டபிள்யூவே உயிரெழுத்து வேலையும் பார்க்கும். 'க்ரூத்' என்ற பழைய வேல்ஸ் நரம்பு வாத்தியமும் அதே ரகம்.

கேள்வி: எனக்கு எதிர்ப் பிரச்சினை, கை நிறைய உயிரெழுத்து!

பதில்: ஆறு எழுத்தும் உயிரெழுத்தாகவே ஒரு சொல் இருக்கிறது: ஈ, யூ, ஓ, யூ, ஏ, ஈ. லத்தீன் தேவாலயப் பாடல் முடிவில் வரும் 'செக்குலோரும் ஆமென்' என்பதிலிருந்து மெய்யெழுத்தையெல்லாம் உருவிவிட்டு மிச்சத்தை ஒட்டிவைத்தது, பாடகர்கள் ராகம் நினைவில் வைக்க. ஆட்டத்துக்குச் செல்லுபடியாகும் சொற்களின் பட்டியல் ஒன்றுக்கு மேல் உண்டு; காலின்ஸ் பட்டியலில் இது செல்லும், அமெரிக்கப் பட்டியலில் செல்லாது, அதனால் எந்தப் பட்டியல் என்று ஆட்டத்துக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். யூ இரண்டு வேண்டும் என்பதால் நடைமுறையில் வாய்ப்பது அபூர்வம். அதைவிட ஏ, ஐ சேர்ந்த 'ஆய்' (தேவாங்கு மாதிரி மெதுவாக நடக்கும் ஒரு மூன்று விரல் விலங்கு) அல்லது இரண்டு ஏ சேர்ந்த 'ஆஆ' (சொரசொரப்பான எரிமலைக் குழம்புப் பாறை) இரண்டையும் மனப்பாடம் பண்ணுங்கள். தினசரி உதவும்.

கேள்வி: தமிழிலிருந்து போன சொல் ஏதாவது தேறுமா?

பதில்: தேறும், அதுவும் ஜோராக. நம் சுருட்டு அங்கே போய் 'ஷெரூட்' ஆனது, ஆங்கிலத்தில் சரியாக ஏழெழுத்து. கையிலுள்ள ஏழு காயையும் ஒரே வீச்சில் இறக்கினால் கூடுதலாக 50 புள்ளி தெரியுமல்லவா? வெட்டிவேரும் ஏழெழுத்துதான், ஆனால் அதில் வி இரண்டு, பெட்டியிலும் மொத்தமே இரண்டு. கட்டுமரம் ஒன்பதெழுத்து, பலகையில் இரண்டு எழுத்தாவது வாகாகக் கிடந்தால் பார்க்கலாம்.

கேள்வி: அர்த்தமும் தெரிந்திருக்க வேண்டுமா?

பதில்: தேவையே இல்லை. நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015-ல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார், 2024-ல் ஸ்பானிஷிலும் அதே கதை. ஆனால் நாம் நைஜல் இல்லையே, அர்த்தம் ஒட்டிக்கொண்டால்தான் நமக்குச் சொல் நிற்கிறது. கூரைக்கல் வெட்டும் கருவி என்று தெரிந்தபிறகுதான் 'சாக்ஸ்' (இசட், ஏ, எக்ஸ்) எனக்கு மறக்கவில்லை.

கேள்வி: எதிராளி புளுகுச் சொல் வைத்தால்?

பதில்: அடுத்த முறை தொடங்குவதற்குள் ஆட்சேபம் சொல்லுங்கள், அதாவது நீங்கள் காய் வைப்பதற்கு முன்பே. பட்டியலில் இல்லையென்றால் அவர் காயை எடுத்துக்கொண்டு அந்த முறையை இழப்பார். இருந்தால், அமெரிக்க விதிப்படி முறையை இழப்பது நீங்கள்.