ஜெல் வச்சு, ட்ரிப்ஸ் போட்டு வலி வர வைக்கப் போறாங்க, எபிடியூரல் இல்லாம எப்படி தாங்குறது?

40 வாரம் தாண்டிடுச்சு, நாளைக்கு அட்மிட் ஆகச் சொல்லிட்டாங்க, வலி தெரியாம இருக்க முதுகுல போடுற எபிடியூரல் ஊசி எங்க ஆஸ்பத்திரில கிடையாது, பயமா இருக்குன்னு எழுதியிருக்கீங்க. எனக்கும் அதே கதைதான். 2019, முதல் பிரசவம், மதுரை பக்கத்துல ஒரு கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி, 41வது வாரம், ஸ்கேன்ல பனிக்குட நீர் குறைஞ்சுட்டு வருது, இனி காத்திருக்க வேணாம்னுட்டாங்க. மருந்தே வேணாம்னு வீம்பு பிடிச்ச ஆள் இல்ல நானு, கிடைச்சிருந்தா முதல் ஆளா முதுகைக் காட்டியிருப்பேன்.

நான் பண்ண தப்ப மொதல்ல சொல்லிடுறேன். சாயங்காலம் ஜெல் வச்சாங்க. அது கர்ப்பப்பை வாய் இளகுறதுக்குத்தான், வச்ச உடனே குழந்தை வந்துடாதுன்னு எனக்கு யாரும் சொல்லல. நட நடன்னு ஆளாளுக்குச் சொன்னாங்கன்னு ராத்திரி முழுக்க வராண்டால நடந்தேன், பீரியட்ஸ் வலி மாதிரி லேசா இருந்துச்சு, அதையே பெரிய வலின்னு நெனச்சு மூச்செல்லாம் எடுத்துக்கிட்டு இருந்தேன். விடிஞ்சு பாத்தா கர்ப்பப்பை வாய் ஒன்றரை விரல் அளவுதான் திறந்திருக்கு! மறுபடி ஒரு ஜெல். நெஜ வலி வந்தப்ப எனக்குத் தூக்கமும் இல்ல தெம்பும் இல்ல. அதனால ஜெல் வச்ச ராத்திரி தூங்குங்க, தூக்கம் வரலைன்னாலும் கண்ண மூடிப் படுங்க, என்ன சாப்பிடலாம்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டு சாப்பிட்டுடுங்க.

மதியம் ரெண்டு மணிக்கு ட்ரிப்ஸ் போட்டு, பனிக்குடத்தையும் உடைச்சு விட்டாங்க. ரெண்டாவது குழந்தைக்கு எனக்குத் தானாவே வலி வந்துச்சு, அதனால வித்தியாசம் தெரியும். தானா வர்ற வலி வாசல்ல நின்னு கூப்பிட்டுட்டு உள்ள வரும், ட்ரிப்ஸ் வலி கதவ ஒடச்சுக்கிட்டு வந்துச்சு (எல்லாருக்கும் அப்படியே இருக்கணும்னு இல்ல). கொஞ்ச நேரத்துக்கொரு தடவ சிஸ்டர் வந்து ட்ரிப்ஸ் ட்யூப்ல இருக்குற சின்னச் சக்கரத்தத் தள்ளி சொட்டு கூட்டிட்டுப் போவாங்க, எனக்கு அவங்க செருப்புச் சத்தம் கேட்டாலே கோவம் வரும்.

அப்ப கூட இருந்தது எங்க சித்தி. எங்க ஆஸ்பத்திரில பெத்த அனுபவம் உள்ள ஒரு பொம்பளைய துணைக்கு உள்ள விட்டாங்க, உங்ககிட்டயும் கேட்டுப் பாருங்க, அழுகிற ஆள மட்டும் கூப்பிட்டுடாதீங்க, எங்கம்மாவ அதுக்குத்தான் வெளியவே உக்கார வச்சோம். நான் பல்லக் கடிச்சுக்கிட்டு கட்டில் கம்பியப் புடிச்சுக் கத்துறதப் பாத்துட்டு சித்தி, "ஏண்டி, பல்லக் கடிச்சா கீழயும் இறுகிக்கும், வாயத் தொறந்து விடு"ன்னாங்க. உச்சஸ்தாயில கத்தாம அடித்தொண்டைல ஊஊன்னு மாடு மாதிரி விட்டேன், கேக்க அசிங்கமா இருந்தாலும் உடம்பு தளர்ந்துச்சு. மூச்ச மெதுவா வெளிய விட்டுட்டே எண்ணினேன், எனக்கு ஒரு வலிக்கு பத்து மூச்சு, ஆறாவதுல இருந்து இறங்கும். அது புரிஞ்சப்புறம் ஆறு வரைக்கும் தாங்குனா போதும்னு ஆயிடுச்சு. வலி விட்ட அந்த ஒன்றரை, ரெண்டு நிமிஷத்துல அடுத்ததப் பத்தி யோசிக்காம தலைய சித்தி தோள்ல போட்டுடுவேன், ரெண்டு தடவ குறட்டையே விட்டேனாம்.

மல்லாக்கப் படுக்காதீங்க, இடுப்பு ஒடிஞ்சிடும். ட்ரிப்ஸ் இருந்தாலும் நிக்கலாமான்னு கேளுங்க, எனக்கு விட்டாங்க, கட்டில்ல கைய ஊனிக் குனிஞ்சு நிப்பேன், சித்தி உள்ளங்கை அடிப்பாகத்த வச்சு முதுகெலும்பு முடியுற இடத்துல அழுத்துவாங்க. தேய்க்கக் கூடாது, அழுத்தணும்.

ஒரு கட்டத்துல நடுவுல இடைவெளியே இல்லாம வலி மேல வலியா வந்துச்சு. இதத் தாங்கிக்கிட்டு இருக்காதீங்க, சொல்லிடுங்க. பத்து நிமிஷத்துல அஞ்சுக்கு மேல வலி வந்தா அது அதிகம், குழந்தைக்கும் ஆகாது. சிஸ்டர் வயித்துல கை வச்சுப் பாத்து, குழந்தை துடிப்பு கேட்டுட்டு, உடனே சொட்டக் கொறச்சாங்க.

எட்டு மணிக்கு மேல கால் ரெண்டும் உதறுது, வாந்தி வேற, என்னால முடியாது வயித்தக் கிழிச்சு எடுத்துடுங்கன்னு டாக்டர் கையப் புடிச்சுக்கிட்டேன். அவங்க, "இப்படிச் சொன்னாலே முடியப் போகுதுன்னு அர்த்தம்மா"ன்னு சிரிச்சாங்க, எனக்கு வந்த ஆத்திரத்துக்கு... ஆனா ஒரு மணி நேரத்துல முக்கச் சொல்லிட்டாங்க. முக்குறது எனக்கு வலியவிட ஈஸியா இருந்துச்சு. 9.40க்குப் பொண்ணு, 2.9 கிலோ. தையலுக்கு மட்டும் மரத்துப் போற ஊசி போட்டாங்க.

மறுநாள் வார்டுக்கு வந்தவங்க எல்லாரும் சித்திகிட்டதான் நலம் விசாரிச்சாங்க. ஏழு மணி நேரம் என் இடுப்ப அழுத்துனதுல மணிக்கட்டு வீங்கிப் போயி, ஐயோடெக்ஸ் தேச்சு துணி சுத்திக்கிட்டு உக்காந்திருந்தாங்க.