மன்னித்துவிட்டால் பங்கைக் கேட்கக் கூடாதா?

கேள்வி: அப்பா இறந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், பட்டா மாற்ற வேண்டும் என்று அண்ணன் என்னைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போய்க் கையெழுத்து வாங்கினார். அது என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் என்று போன வருஷம்தான் தெரிந்தது. கேட்டால் பேச்சே இல்லை. "அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்துக்கு வருமுன் அண்ணனை மன்னித்துவிடம்மா, கேஸ் எல்லாம் வேண்டாம்" என்கிறார் போதகர் ஐயா. மன்னித்துவிட்டால் கேட்கவே கூடாதா?
வாசகி, நாகர்கோவில்

பதில்: கேட்கலாம் சகோதரி. தாராளமாகக் கேட்கலாம். மன்னிப்பு என்றால் நடந்ததை நடக்கவில்லை என்று சொல்வது என நம் சபைகளில் ஒரு நினைப்பு இருக்கிறது, அதனால் அடிபட்டவர் வாயைத்தான் முதலில் அடைக்கிறோம், அடித்தவரிடம் யாரும் போவதில்லை. எனக்கு இதில் ரொம்ப வருத்தம் உண்டு.

திருவிருந்துக்கு முன் ஒப்புரவாக வேண்டும் என்பதற்கு எல்லாரும் காட்டுவது மத்தேயு 5-ஆம் அதிகாரத்தைத்தான். அதை நிதானமாகப் படித்துப் பாருங்கள். "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவுவந்தால் காணிக்கையை வைத்துவிட்டுப் போ என்கிறார் இயேசு. குறை யார்பேரில்? உங்கள் அண்ணன்பேரில்தானே! அப்படியானால் பலிபீடத்தை விட்டு எழுந்து வர வேண்டியவர் அவர். லூக்கா 17-இலும் பாருங்கள், சகோதரன் குற்றம் செய்தால் "அவனைக் கடிந்துகொள்" என்பது முதலில் வருகிறது, அவன் மனஸ்தாபப்பட்டால், அதாவது செய்ததற்கு மனம் வருந்தினால், மன்னிப்பாயாக என்பது அதற்கு அப்புறம். வரி வசூலிப்பவனான சகேயு மனம் திரும்பினபோது கண்ணீரோடு நிறுத்திக்கொள்ளவில்லை, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான்.

சரி, அப்படியானால் நீங்கள் மன்னிக்கவே வேண்டாமா? வேண்டும். அவர் கேட்காவிட்டாலும், தராவிட்டாலும் வேண்டும். கர்த்தருடைய ஜெபத்தில் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்று தினமும் சொல்லிக்கொண்டு, அண்ணன் நாசமாய்ப் போகட்டும் என்று உள்ளே வைத்திருக்க முடியாது. பழிவாங்கும் எண்ணத்தை விடுவதுதான் மன்னிப்பு, அதுவும் ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று கேட்ட சீஷன் பேதுருவுக்கு, ஏழெழுபதுதரம் என்று இயேசு சொன்னதை, ஒரே குற்றத்தை நினைவு வரும்போதெல்லாம் திரும்பத் திரும்ப மன்னிப்பதற்கும் சேர்த்துத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். காலையில் மன்னித்தது மத்தியானம் அந்த நிலத்தைத் தாண்டி பஸ் போகும்போது மறுபடி எரியும். எரிந்தால் நீங்கள் பொய்யாக மன்னித்தீர்கள் என்று அர்த்தமில்லை, மறுபடி ஒருதரம் விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

கிளாடிஸ் ஸ்டெயின்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த அவர் கணவர், ஆஸ்திரேலிய மிஷனெரி கிரகாமையும், மகன்கள், 10 வயது பிலிப்பையும் 6 வயது திமொத்தேயுவையும் உயிரோடு எரித்தார்கள். மன்னிக்கிறேன் என்று அந்த அம்மா வெளிப்படையாகச் சொன்னார், மகள் எஸ்தரோடு அங்கேயே தங்கி பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்கான வேலையைப் பல வருஷம் தொடர்ந்தார். ஆனால் வழக்கு நின்றுவிடவில்லை, முக்கியக் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனையை 2011-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அவர் மன்னித்ததை அது கொஞ்சமும் குறைக்கவில்லை.

ஆகவே முதலில் அண்ணனிடம் தனியாகப் பேசுங்கள், அண்ணி எதிரில் வேண்டாம். கேட்கவில்லையென்றால் சபையில் மூத்தவர் இரண்டுபேரை வைத்துப் பேசுங்கள், மத்தேயு 18 சொல்கிற வழியும் இதுதான். ஆனால் ஏமாற்றி வாங்கிய பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பதற்குக் காலவரம்பு உண்டு, பேச்சுவார்த்தையிலேயே நாள் ஓடிவிடக் கூடாது, இந்த வாரமே ஒரு வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டிவிடுங்கள். திருவிருந்துக்கு? போங்கள். தயங்காமல் போங்கள்.

கேள்வி: கல்யாணமான நாள் முதல் என்னை வார்த்தையால் கொன்ற மாமியார் இப்போது படுத்த படுக்கை. குளிப்பாட்டி, கஞ்சி கொடுத்து எல்லாம் செய்கிறேன். ஆனால் மனதில் பாசம் என்று ஒன்றுமே இல்லை. இது வேஷம்தானே?
வாசகி, சென்னை

பதில்: இல்லையம்மா. "உன் சத்துரு பசியாயிருந்தால், அவனுக்குப் போஜனங்கொடு" என்று ரோமர் 12-இல் பவுல் எழுதுகிறார். கொடு என்கிறார், பாசம் பொங்கினால் கொடு என்று சொல்லவில்லை. நீங்கள் தினமும் அந்தக் கஞ்சியை ஆற்றி ஊட்டுகிறீர்களே, அதற்குப் பெயர்தான் தயவு. பாசம் வந்தால் வரட்டும், வராவிட்டால் அதற்காக உங்களை நீங்களே அடித்துக்கொள்ளாதீர்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், உங்கள் கடிதத்தில் கணவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. அவரைப் பெற்ற அம்மாதானே? ராத்திரி அவர் எழுந்து பார்க்கட்டும், ஞாயிற்றுக்கிழமை அவர் குளிப்பாட்டட்டும், நீங்கள் ஆராதனைக்குப் போய் வாருங்கள். இன்றைக்கே சொல்லிவிடுங்கள் அவரிடம்.