புது வாட்ச்சில் ஷோரூம் போட்ட கீறல்: பாலிஷுக்குச் சம்மதிக்கும் முன்பு

கேள்வி: மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு ஒரு சுவிஸ் ஆட்டோமேடிக் வாட்ச் வாங்கிக் கொடுத்தேன். விலை 2,85,000 ரூபாய். மதுரையில் அந்த பிராண்டின் அங்கீகாரம் பெற்ற ஷோரூமில்தான் வாங்கினேன். செயின் கையில் லூசாக இருந்ததால், இரண்டு கண்ணி எடுக்கச் சொல்லி அதே கடையில் கொடுத்தேன். உள்ளே எடுத்துப்போய், அரை மணி நேரம் கழித்துப் பெட்டியில் வைத்துத் தந்தார்கள். காசு எதுவும் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால், செயின் சேருகிற காதுப் பகுதியில் நகம் தட்டுகிற அளவுக்குக் கீறல். ஒரு கண்ணியின் ஸ்க்ரூ தலை சிதைந்திருக்கிறது. பின்மூடியிலும் வளைவாக ஒரு கோடு. மறுநாள் போய்க் கேட்டால், "கையில் கட்டியதில் வந்திருக்கும்" என்றார்கள். கொஞ்சம் சத்தம் போட்ட பிறகு, "பாலிஷ் போட்டுத் தருகிறோம், புதுசு மாதிரி ஆகிவிடும்" என்கிறார்கள். சம்மதிக்கலாமா? வேறு வாட்ச் கேட்க முடியுமா? கோர்ட், கேஸ் என்று அலைய எனக்கு விருப்பமில்லை. மாப்பிள்ளையிடம் இன்னும் சொல்லவில்லை.
– திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: ஐயா, பாலிஷுக்கு இப்போது சம்மதிக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு அவசரமாகப் படுவது இதுதான். மற்றதை எல்லாம் பிறகு சரிசெய்துகொள்ளலாம். சக்கரத்தில் தேய்ந்துபோன உலோகம் மட்டும் திரும்ப வராது.

பாலிஷ் என்றால் கீறலை அழிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கீறலைச் சுற்றியுள்ள உலோகத்தைக் கீறலின் ஆழம் வரை தேய்த்து எடுப்பதுதான் பாலிஷ். பித்தளைக் குத்துவிளக்கை வருஷக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து அதன் வேலைப்பாடு மழுங்கிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். வாட்ச் காதுகளிலும் அதுவேதான் நடக்கும். விலை உயர்ந்த வாட்ச்சில் மேல்பக்கம் கோடு கோடாக மங்கலாகவும், பக்கவாட்டு கண்ணாடிபோலப் பளபளப்பாகவும் இருக்கும். இரண்டும் சந்திக்கிற விளிம்பு கூர்மையாக இருக்கும். நீங்கள் கொடுத்த பணத்தில் ஒரு நல்ல பங்கு அந்த விளிம்புக்குத்தான். கடையின் பின்னறையில் பஃப் சக்கரத்தில் வைத்தால் கீறல் போகும், விளிம்பும் உருண்டுவிடும். பிறகு என்றைக்காவது விற்க நினைத்தால், விவரம் தெரிந்தவர் முதலில் அந்தக் காதைத்தான் பார்ப்பார்.

நகம் தட்டுகிற கீறல் என்றால் மேலோட்டமானது அல்ல. அத்தகைய கீறலை பிராண்டின் சொந்த சர்வீஸ் சென்டர் வேறு விதமாகக் கையாள முடியும். அந்த இடத்தில் லேசர் வெல்டிங் மூலம் அதே உலோகத்தை நிரப்பி, பிறகு பழைய வடிவத்துக்குச் செதுக்கிக் கொண்டுவருவார்கள். அல்லது அந்தப் பாகத்தையே மாற்றுவார்கள். உங்கள் வாட்ச்சில் கறுப்பு, ரோஸ் கோல்டு மாதிரி மேற்பூச்சு இருந்தால் பாலிஷ் என்ற பேச்சுக்கே இடமில்லை. தேய்த்தால் பூச்சே போய்விடும்.

சரி, "கையில் கட்டியதில் வந்தது" என்கிறார்களே, அதற்கு என்ன பதில்? பதில் வாட்ச்சிலேயே இருக்கிறது. கட்டிக்கொள்வதால் வரும் கீறல்கள் பெரும்பாலும் செயினின் கொக்கியிலும், வெளிப்புற விளிம்புகளிலும், பல திசைகளில் மெல்லிய கோடுகளாக விழும். கருவி வழுக்கினால் விழுகிற கீறல் அப்படி இருக்காது. காதில் ஸ்ப்ரிங் பார் (செயினை வாட்ச்சோடு பிடிக்கும் சின்னக் கம்பி) நுழைகிற துளைக்குப் பக்கத்தில் ஆரம்பித்து, ஒரே இழுப்பில் வெளியே ஓடியிருக்கும். உங்கள் கீறல் எங்கே ஆரம்பிக்கிறது என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஸ்க்ரூ தலை சிதைந்தால் அது கருவியைத் தவறாகப் பயன்படுத்தியதால்தான் இருக்கும். பெரும்பாலும் அளவு பொருந்தாத ஸ்க்ரூ டிரைவர்தான் காரணம். பல வாட்ச்களில் இந்த ஸ்க்ரூக்கள் தானாகக் கழலாமல் இருக்கப் பசை தடவியிருப்பார்கள். லேசாகச் சூடுகாட்டி இளக்காமல் பலமாகத் திருகினால் தலை பிய்ந்துபோகும். கையில் கட்டி எந்த மாப்பிள்ளையும் ஸ்க்ரூ தலையைச் சிதைக்க முடியாது.

என்னை அதிகம் உறுத்துவது பின்மூடிக் கோடுதான். கண்ணி எடுக்கப் பின்மூடியைத் தொடவே தேவையில்லை. திறக்கிற பள்ளத்திலிருந்து வளைவாகக் கோடு கிளம்புகிறது என்றால், யாரோ அதைத் திறந்திருக்கவோ திறக்க முயன்றிருக்கவோ வாய்ப்பு உண்டு. மூடிக்கு அடியில் மெல்லிய ரப்பர் வளையம் ஒன்று இருக்கிறது. அது நசுங்கியோ விலகியோ இருந்தால், வெளியே பார்க்க எல்லாம் சரியாக இருக்கும், உள்ளே ஈரம் போகும். ஆகவே, தண்ணீர் புகாமைச் சோதனை செய்து, அதன் அறிக்கையை எழுத்தில் வாங்கும் வரை வாட்ச்சைத் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கட்டவே வேண்டாம் என்பேன். சிதைந்த ஸ்க்ரூ சரியாக இறுகியிருக்கிறதா என்பதும் தெரியாது. நடுவழியில் செயின் பிரிந்தால் வாட்ச் தரையில்தான் விழும்.

மதுரை டவுன் ஹால் ரோட்டில் கை தேர்ந்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். வேறு நேரமாக இருந்தால் நானே அங்கே போகச் சொல்லியிருப்பேன். இப்போது வேண்டாம். பிராண்டின் அங்கீகாரம் இல்லாத கை பட்டால் வாரண்டி போய்விடும். "அங்கே கொடுத்தபோதுதான் கீறல் விழுந்தது" என்று ஷோரூம்காரர் தப்பிக்கவும் வழி கிடைக்கும்.

அடுத்து, ஆதாரம். ஜன்னலோர வெளிச்சத்தில், ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கீறலையும் படம் எடுங்கள். சீரியல் நம்பரும் தெரிகிற மாதிரி, கட் பண்ணாத ஒரு வீடியோவும் எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அதில் படத்தின் தரம் குறைந்துவிடும். எடுத்த போனிலேயே மூலக் கோப்பு இருக்கட்டும். அதைவிட முக்கியமாக, கல்யாண போட்டோகிராபரைக் கூப்பிடுங்கள். தாலி கட்டும்போது, மோதிரம் போடும்போது மாப்பிள்ளையின் கையை நெருக்கத்தில் எடுத்த படங்கள் அவரிடம் நிச்சயம் இருக்கும். ஆல்பத்துக்காக மெருகேற்றியதைக் கேட்காமல், கேமராவிலிருந்து இறக்கிய மூலப் படங்களைத் தேதியோடு கேளுங்கள். கீறல் இல்லாத காது அதில் தெளிவாகத் தெரிந்தால், பாதி வழக்கு அங்கேயே முடிந்தது. கடையில் கேமரா இருந்தால், நீங்கள் வாட்ச் கொடுத்த நாளின் பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லி உடனே எழுதிக் கொடுங்கள். பல கடைகளில் பழைய பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும்.

யாரிடம் கேட்பது என்பதில் பலர் வழி தவறுகிறார்கள். பிராண்டுக்கு நேராக எழுதி "வாரண்டியில் சரிசெய்து கொடுங்கள்" என்றால், முடியாது என்றுதான் பதில் வரும். வாரண்டி தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான். இது கடைக்காரரின் கைத்தவறு, செலவும் அவருடையதுதான். ஆகவே கோரிக்கையைக் கடைக்கு எழுதுங்கள், பிராண்டின் இந்திய அலுவலகத்துக்கு நகல் அனுப்புங்கள். தங்கள் பெயரில் விற்கிற கடை எப்படி வேலை செய்கிறது என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும். அந்த நகல் போனாலே கடையின் பேச்சு மாறுவது வழக்கம்.

"காசு வாங்காமல் செய்த வேலைதானே" என்று கடைக்காரர் ஒருநாள் சொல்வார். அதற்கு இப்போதே தயாராக இருங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், முற்றிலும் இலவசமாகச் செய்த சேவை அடங்காது என்பது உண்மை. ஆனால் புது வாட்ச்சின் செயினை வாங்கியவர் கைக்கு அளவாக்கித் தருவது விற்பனையின் ஒரு பகுதி, அதற்கான விலை 2,85,000 ரூபாய்க்குள் இருக்கிறது என்பதே உங்கள் நிலைப்பாடு. அதைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். இன்னொரு பிடியும் இருக்கிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவுப்படி, பிறர் பொருளை ஒப்புக்கொண்டு வாங்கி வைத்திருப்பவர், விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைக் காப்பதுபோல அதைக் காக்க வேண்டும். காசு வாங்கினாரா இல்லையா என்று அந்தப் பிரிவு பார்ப்பதில்லை.

புது வாட்ச்தான் வேண்டும் என்று கேட்கலாமா? கேட்கலாம், அதையே முதல் கோரிக்கையாக வையுங்கள். வாங்கிச் சில வாரமே ஆன வாட்ச்சின் கேஸிலேயே, அதாவது அதன் உலோக உடலிலேயே, ஆழமான கீறல் விழுந்திருக்கிறது. பெயரைக் காப்பாற்ற நினைக்கும் கடை இதற்கு ஒத்துக்கொள்ளவும் கூடும். ஆனால் அது ஒன்றையே பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். வேலையில் நடந்த தவறுக்கு முழு வாட்ச்சையும் மாற்ற நுகர்வோர் ஆணையம் உத்தரவிடும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தத் தவறால் வந்த நஷ்டத்தை ஈடுசெய்யச் சொல்வதற்கே வாய்ப்பு அதிகம். எனவே இரண்டாவது கோரிக்கையாக, பிராண்டின் சர்வீஸ் சென்டரில் பழுதான பாகங்களைப் புதிதாக மாற்றித் தரச் சொல்லுங்கள். என் கணிப்பில் இதுதான் கடைசியில் கைக்கு வரும், இதில் உங்களுக்கு நஷ்டமும் இல்லை. கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பல வாட்ச்களில் சீரியல் நம்பர் கேஸில்தான் பொறித்திருக்கும். நடுக் கேஸை மாற்றினால், புது நம்பர் என்ன, வாரண்டி கார்டோடு அது எப்படிப் பொருந்தும் என்பதை பிராண்டிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள்.

கடிதம் நீளமாக வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

"இன்ன தேதியில், இன்ன பில் எண்ணில், இன்ன சீரியல் நம்பர் உள்ள வாட்ச்சை உங்களிடம் வாங்கினேன். விற்பனையின் பகுதியாகச் செயினை அளவாக்க இன்ன தேதியில் உங்கள் வசம் ஒப்படைத்தேன். திரும்பி வந்தபோது காதில் கீறலும், ஒரு ஸ்க்ரூவில் சிதைவும், பின்மூடியில் கோடும் இருந்தன. படங்களை இணைத்துள்ளேன். பாலிஷ் செய்ய எனக்குச் சம்மதமில்லை. வாட்ச்சை மாற்றித் தாருங்கள். இயலாவிட்டால் பிராண்டின் சர்வீஸ் சென்டரில், உங்கள் செலவில், போக்குவரத்துக் காப்பீட்டுடன், பழுதான பாகங்களைப் புதிதாக மாற்றி, தண்ணீர் புகாமைச் சோதனை அறிக்கையும் ஓட்டத் துல்லிய அறிக்கையும், வாரண்டி முழுமையாகத் தொடர்கிறது என்ற எழுத்துமூல உறுதியும் தாருங்கள். பின்மூடி ஏன் தொடப்பட்டது என்பதையும் விளக்குங்கள். 15 நாளுக்குள் பதில் வேண்டும்."

இதை மின்னஞ்சலிலும், டெலிவரி ஆனதற்கான அத்தாட்சி கேட்டு ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள். அதன் பிறகு கடையிலிருந்து யார் போன் செய்து என்ன சொன்னாலும், அன்று மாலையே "நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்" என்று ஒரு வரி மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

கோர்ட் அலைச்சல் பற்றிய உங்கள் பயம் புரிகிறது. பெரும்பாலான விஷயங்கள் கடிதத்திலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். செலவில்லை, தமிழிலும் பேசலாம். அவர்கள் உத்தரவு போட முடியாது, ஆனால் கடையிடம் பதில் கேட்பார்கள். அதற்கும் அசையாவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே மனு போடலாம். சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். 3 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம், நடைமுறையில் அதைவிட அதிகம் ஆகும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் சமரசத்துக்கும் அனுப்புவார்கள். உங்கள் விஷயம் அங்கேயே முடியத் தகுந்தது. போன் படங்களை ஆதாரமாக வைக்கும்போது, 2023ஆம் ஆண்டு பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்கும், மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழைச் சேர்த்துவிடுங்கள். பிறகு அதைக் கேள்வி கேட்பது கடினம்.

பில் உங்கள் பெயரில் இருந்தால் நீங்களே புகார் கொடுக்கலாம். வாங்கியவர் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் சட்டப்படி நுகர்வோர்தான், ஆக மாப்பிள்ளையும் கொடுக்கலாம். அவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள் ஐயா. தப்பு உங்களுடையது இல்லை, மறைக்க இதில் ஒன்றும் இல்லை. வாட்ச் அவருடையது. பாகத்தை மாற்றுவதா, நம்பர் மாறினால் பரவாயில்லையா என்று முடிவெடுக்க வேண்டியவரும் அவர்தான். கல்யாணப் படங்களைத் தேடுவதிலும் உங்களுக்குத் துணையாக இருப்பார்.

கடைசியாக, சர்வீஸ் சென்டருக்கு அனுப்ப வாட்ச்சை மறுபடி கடையில் கொடுக்கும்போது, ஜாப் கார்டில் (வாட்ச்சைப் பெற்றுக்கொண்டதற்குக் கடை எழுதித் தரும் சீட்டில்) இப்போதுள்ள மூன்று பழுதுகளையும் குறிப்பிட்டு, "வேறு பழுது இல்லை" என்று எழுதச் சொல்லி, நகல் வாங்கிக்கொள்ளுங்கள். "பாலிஷ் செய்யக் கூடாது" என்பதையும் அதே கார்டில் எழுதச் சொல்லுங்கள். சர்வீஸ் சென்டர்களில் கேட்காமலே பாலிஷ் போட்டு அனுப்பும் பழக்கம் உண்டு. திரும்ப வாங்கும்போது பெட்டியோடு வாங்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். கவுன்டரிலேயே லென்ஸ் கேட்டு வாங்கி, நான்கு காதுகள், ஒவ்வொரு ஸ்க்ரூ, பின்மூடி எல்லாவற்றையும் நிதானமாகப் பாருங்கள். சாவியை வெளியே இழுத்துத் தேதி மாறுகிறதா, முள் தடங்கல் இல்லாமல் சுற்றுகிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.