மணியின் குடலில் என்ன சண்டை?

அன்புள்ள டாக்டர்,

எங்கள் நாய் மணிக்கு இரண்டு மாதமாக வயிற்றுப்போக்கு. எலும்பும் தோலுமாகிவிட்டான். சிறுகுடல் பயாப்ஸியில் 'லிம்போசைட், பிளாஸ்மா செல்கள் மிகுந்துள்ளன' என்று வந்திருக்கிறது. குடல் அழற்சி நோயாம். எதிர்ப்பு சக்திக்கு டானிக் தரலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள தோழிக்கு,

டானிக் வேண்டாம். மணிக்கு எதிர்ப்பு சக்தி குறையவில்லை, அடங்க மறுக்கிறது.

அந்த எதிர்ப்பு செல்கள் குடலில் இருப்பது குற்றமில்லை. ஒரு பக்கம் தீனியும் பாக்டீரியாக் கூட்டமும், மறுபக்கம் உடம்பு. நடுவே ஒரே ஒரு செல் தடிமனில் ஒரு சுவர். அதற்கடியில் காவலுக்கு நிற்பவை இவை. பிளாஸ்மா செல்கள் சுரக்கும் ஐ.ஜி.ஏ என்ற எதிர்பொருள், பாக்டீரியாவைச் சுவரில் ஒட்டவிடாது. 'சும்மா இரு, அது சாப்பாடு' என்று மற்றவற்றை அதட்டி வைக்கும் டி செல்கள் என்ற லிம்போசைட்களும் உண்டு. இந்த நோய் வந்த நாய்களின் சிறுகுடலில் அந்த அதட்டும் செல்கள் குறைந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அப்புறம் என்ன, தின்ற தீனியோடே சண்டை. வெல்வெட் போலிருக்க வேண்டிய குடலுறிஞ்சிகள் மழுங்கிப்போகும், தின்றது உடம்பில் ஒட்டாது.

அதற்காக எதிர்ப்பு சக்தியை அடக்கும் ஸ்டீராய்டுக்கும் உடனே ஓடாதீர்கள். புரதத்தைப் பொடிப்பொடியாக உடைத்த தீனி கிடைக்கிறது. துண்டுகள் அவ்வளவு சிறிதானால் இந்த செல்களுக்கு ஆள் அடையாளம் தெரியாது. அதை மட்டும் கொடுங்கள், பிஸ்கட் துணுக்குகூடக் கூடாது. இந்தத் தீனிக்குக் குணமாகிற நாய்களில் பெரும்பாலானவை இரண்டு வாரத்தில் தேறிவிடும்.

மணி பாக்ஸர் இனமா? அந்த இனத்தின் பெருங்குடல் அழற்சி ஒன்றை எதிர்ப்பு சக்தியின் கோளாறு என்றே வெகுகாலம் நம்பினோம். பார்த்தால், கிருமிகளை விழுங்கும் செல்களுக்குள்ளேயே ஈ.கோலை என்ற பாக்டீரியா குடியிருந்தது. அங்கே தேவை ஆன்டிபயாட்டிக். ஆனால் அதில் ரத்தமும் சளியுமாகப் போகும், நீங்கள் சொல்வது அப்படியில்லை.

இன்னொன்று. தேறிய நாய் துள்ளி விளையாடும். மறுபடி பயாப்ஸி எடுத்தால் செல்கள் ஏறக்குறைய அப்படியே நிற்கும்! ஆளைக் குறைப்பதைவிட ஆளை அமைதிப்படுத்துவதுதான் வைத்தியம் போலும். அதனால் எடையையும் மலத்தையும் பாருங்கள், அறிக்கையை மடித்து வையுங்கள்.

சரி, ரத்தத்தில் வைட்டமின் பி12, அல்புமின் என்ற புரதம் இரண்டையும் பார்த்தார்களா? பி12 குறைவென்றால் ஊசி போதும். அல்புமின் குறைந்திருந்தால் மேலே சொன்ன இரண்டு வாரத்தை மறந்துவிட்டு இன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.